எல்லோரும் அழுத ஒரு நாவல்

மாணவ நண்பர்களே, இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் நூல் உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிந்த நூல். அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரீன் 2012ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்ட 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' என்னும் நாவல் அது. வெளிவந்த நாள்தொட்டு இளைஞர் உலகம் அதைக் கொண்டாடியது. 2014இல் ஆங்கிலத் திரைப்படமாயிற்று. 2020இல் கதை ஜாம்ஷெட்பூருக்குக் குடிபெயர்ந்து, நம் ஏ. ஆர். ரஹ்மானின் இசையோடு 'தில் பேச்சாரா' என்னும் இந்திப் படமாகவும் வந்தது. இதைப் படித்து அழாதவன் கல்நெஞ்சன் என்று ஒரு பேச்சு உண்டு. நானும் அழுதேன், இரண்டே இடங்களில் அழுதேன். ஆயினும் நூலை மூடியபோது எனக்கு மிஞ்சியது ஏமாற்றமே.

கதை சிறியது. இண்டியானாபொலிஸ் நகரில் ஹேசல் என்ற 16 வயதுப் பெண் இருக்கிறாள். தைராய்டுச் சுரப்பியில் தோன்றிய புற்றுநோய் அவளுடைய நுரையீரலுக்குப் பரவிவிட்டது. பிராணவாயு உருளையை ஒரு சிறு வண்டியில் இழுத்துக்கொண்டேதான் நடமாடுகிறாள். தேவாலயம் ஒன்றின் நிலவறையில் கூடும் நோயுற்ற இளைஞர் குழுவிற்குத் தாயின் வற்புறுத்தலால் போகிறாள். அங்கே எலும்புப் புற்றுநோய்க்கு ஒரு காலைப் பறிகொடுத்த அகஸ்டஸ் என்னும் 17 வயது இளைஞனைக் காண்கிறாள். காதல் மலர்கிறது. அவளுக்கு உயிரான நாவல் ஒன்று பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. அதன் முடிவைக் கேட்டறிய, அதை எழுதியவரைத் தேடி இருவரும் ஆம்ஸ்டர்டாம் செல்கிறார்கள். அந்த எழுத்தாளரோ குடிகாரர்; இவர்களை அவமதித்து அனுப்புகிறார். நோய் மீண்டும் தன் உடலெங்கும் பரவிவிட்டதை அகஸ்டஸ் அந்த ஊரில்தான் சொல்கிறான். இறுதியில் அவன் இறக்கிறான், அவள் இருக்கிறாள்.

இதை எழுதிய ஜான் கிரீன், இளமையில் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் சமயத் துணைவராகப் பயிற்சி பெற்றவர். நோயுற்ற குழந்தைகளின் படுக்கையருகே அமர்ந்திருந்தவர். எனவே நான் பெரிதும் எதிர்பார்த்துத்தான் நூலைத் திறந்தேன்.

என் முதல் குறை உரையாடலைப் பற்றியது. ஹேசல் பேசினாலும், அகஸ்டஸ் பேசினாலும், கண்களை இழக்கப்போகும் நண்பன் ஐசக் பேசினாலும் ஒரே குரல் கேட்கிறது. எல்லோரும் சாதுரியசாலிகள். எல்லோருடைய வாயிலும் வாக்கியங்கள் மெருகேறி, சுவரில் எழுதி மாட்டத் தகுந்தவையாக வந்து விழுகின்றன. அகஸ்டஸ் பற்ற வைக்காத சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொள்வான். கேட்டால், அது ஓர் உருவகம் என்று விளக்கம் சொல்வான். 17 வயதில் இத்தகைய பாவனை இருப்பது இயல்பே. நான் மாணவனாக இருந்தபோது பூட்டிய குடையோடு மழையில் நடந்த நண்பர்கள் எனக்கும் உண்டு. ஆனால் அதைப் பாவனை என்று கண்டு சிரிக்க அருகே ஒருவர் வேண்டும். ஹேசல் முதலில் சினக்கிறாள்; விளக்கத்தைக் கேட்டதும் மயங்கிவிடுகிறாள். ஆசிரியரும் அவளோடு சேர்ந்து மயங்கிவிடுகிறார். நோய் இளையோருக்கு முதிர்ச்சி தரும் என்பர். தரலாம். எல்லோருக்கும் ஒரே அச்சில் வார்த்த முதிர்ச்சியைத் தருமா?

இங்கே எனக்கு ஆங்கிலக் கவி கீட்ஸின் நினைவு வருகிறது. மருத்துவம் பயின்றவர் அவர். 1820ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் தாம் இருமி உமிழ்ந்த குருதியின் நிறத்தைக் கண்டே தம் முடிவை அறிந்துகொண்டார். ஃபேனி பிரான் என்ற இளம்பெண்ணை அவர் காதலித்து வந்தார். நோயுற்ற மாதங்களில் அவளுக்கு எழுதிய கடிதங்கள் 1878இல் அச்சேறின. அவற்றில் சாதுரியம் குறைவு. பொறாமை இருக்கிறது, அநியாயமான சந்தேகம் இருக்கிறது, தான் படுக்கையில் கிடக்க அவள் நடன விருந்துக்குப் போகலாமா என்ற எரிச்சல் இருக்கிறது. ரோம் நகரில் 1821 பிப்ரவரியில் 25 வயதில் அவர் இறந்தபோது, பிரித்துப் படிக்கத் துணிவின்றி வைத்திருந்த அவளுடைய கடிதங்கள் பிரிக்கப்படாமலே அவரோடு புதைக்கப்பட்டன. நோய் மனிதனைச் சிறுமைப்படுத்தும். அந்தச் சிறுமையின் நடுவிலும் காதல் நிற்கும். இதைத்தான் நான் இந்த நாவலில் தேடினேன்.

அடுத்து, ஆம்ஸ்டர்டாமில் ஆன் பிராங்கின் இல்லத்தில் நிகழும் காட்சி. பிரின்சன்கிராக்ட் கால்வாய்க் கரையில் 263ஆம் எண் கட்டடம் அது. நாஜிகளுக்கு அஞ்சி 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்டு வரை அந்தச் சிறுமியின் குடும்பம் ஒளிந்திருந்த இடம். 1945இல் பெர்கன் பெல்சன் முகாமில் 15 வயதில் அவள் மாண்டாள். 1960 முதல் அவ்விடம் காட்சியகமாக இருக்கிறது. செங்குத்தான அந்தப் படிகளில் ஹேசல் மூச்சுத் திணற ஏறுவதை ஆசிரியர் நன்றாகவே எழுதியிருக்கிறார். நம் நெஞ்சும் சேர்ந்து இரைக்கிறது. மேலே போனதும் காதலர் முத்தமிடுகிறார்கள். சுற்றி நின்ற பார்வையாளர்கள் கைதட்டுகிறார்கள்!

முத்தத்தை நான் குறை சொல்லவில்லை. அதே வீட்டில் ஆன் பிராங்கும் தன் முதல் முத்தத்தைப் பற்றி நாட்குறிப்பில் எழுதியவள்தான். என்னை உறுத்தியது அந்தக் கைதட்டல். காதலர் இருவருக்கும் அந்தக் கணத்தில் உலகம் மறந்துபோகலாம். அது அவர்கள் உரிமை. அங்கே வந்து நிற்கும் அத்தனை பேருக்குமா தாம் எங்கே நிற்கிறோம் என்பது மறந்துபோகும்?

நான் அழுத இரண்டு இடங்களைச் சொல்லவேண்டாமா? ஒன்று, ஹேசலின் தாயைப் பற்றியது. மகள் பிழைக்கமாட்டாள் என்றிருந்த ஒரு நாளில், இனித் தான் ஒரு தாயாக இருக்கப்போவதில்லையே என்று கணவனிடம் விம்முகிறாள். அது மகளின் காதில் விழுந்துவிடுகிறது. தன் மறைவுக்குப் பின் பெற்றோர் என்ன ஆவார்கள் என்னும் அச்சம் அன்றுமுதல் அவளை விடவில்லை. பல பக்கங்களுக்குப் பிறகு, தாய் சமூகப் பணிக்கான படிப்பொன்றை மகளுக்குத் தெரியாமல் படித்துவருவது வெளியாகிறது. நீ இல்லாத நாளை நாங்கள் எண்ணிப் பார்க்கிறோம் என்று மகள் நினைத்துவிடக் கூடாதே என்றுதான் மறைத்தாளாம். மகளோ அதைக் கேட்டு மகிழ்கிறாள். மகளைப் பிரிந்த தாயின் புலம்பலுக்கு அகப்பாடல்களில் தனி இடம் தந்தவர்கள் நாம். இந்தத் தாயை நாம் உடனே அறிந்துகொள்வோம்.

மற்றொன்று, நள்ளிரவில் பெட்ரோல் நிலையம் ஒன்றில் நடப்பது. நோய் முற்றிய அகஸ்டஸ், ஒரு சிகரெட் பெட்டியையாவது தானே வாங்கவேண்டும் என்று காரை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். வயிற்றில் பொருத்திய குழாய் சீழ்பிடித்து, வாந்தியில் நனைந்து, காருக்குள் அழுதுகொண்டிருக்கிறான். ஹேசல் வந்து ஆம்புலன்சை அழைக்கிறாள். அவளை அழைத்துவிட்டோமே என்று அவனுக்கு வெட்கம், தன்மேலேயே வெறுப்பு. முன்பு உருவகமாக நின்ற சிகரெட் இங்கே வெறும் சிகரெட்டாகிவிடுகிறது. வாசகன் கைதட்ட ஒன்றுமில்லை. இந்தச் சில பக்கங்களை எழுதத் தெரிந்தவர், உடனே பழைய மெருகுக்குத் திரும்பி, இரங்கலுரைகளும் இறந்தவனின் கடிதமுமாகக் கதையை முடித்துவிட்டாரே என்பதுதான் என் மனத்தாங்கல்.

இன்னும் ஒருத்தியைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். ஐசக்கின் காதலி மோனிகா. அவன் பார்வை இழக்கப்போகிறான் என்றதும், தன்னால் தாங்க இயலாது என்று விலகிவிடுகிறாள். நண்பர்கள் மூவரும் அவள் வீட்டுக்குப் போய் அவளுடைய காரின்மேல் முட்டைகளை வீசுகிறார்கள். அவளுடைய தாய் வெளியே வருகிறாள். அகஸ்டஸ் சாதுரியமாக ஏதோ சொன்னதும் உள்ளே போய்விடுகிறாள். நாம் சிரிக்கவேண்டும் என்பது ஆசிரியர் ஏற்பாடு. ஓரிரு வேடிக்கைச் சொற்களைத் தவிர அவள் பக்கம் பேச அந்த நூலில் எவரும் இல்லை. உடன் நிற்க நினைத்தும் நிற்க முடியாமல் ஓடிப்போன இளம் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்? முட்டை வழியும் காரை மறுநாள் காலையில் அவள் எப்படிக் கழுவினாள்? அவள் வாயிலிருந்து வரும் ஒரு கதையை யாரேனும் எழுதினால், முதல் ஆளாக வாங்கிப் படிக்க நான் காத்திருக்கிறேன்.