கறிவேப்பிலைச் செடியும் 48 கோடி எழுத்துகளும்

(நமது சங்கத்தின் மாடித்தோட்டக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பால்கனியிலோ மாடியிலோ இருக்கும் கறிவேப்பிலைச் செடியின் இளம் துளிரைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை நூல் போல மெழுகு தொங்கினால், அதற்கு அடியில் சின்னச் சின்ன மஞ்சள் குஞ்சுகள் இருக்கலாம். வளர்ந்த பூச்சி மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கும். தலையைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும். இதுதான் சிட்ரஸ் சில்லா. எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, ஆரஞ்சு எல்லாம் கறிவேப்பிலையின் குடும்பமே என்பதால், இந்தப் பூச்சிக்கு இரண்டு வீட்டிலும் சாப்பாடு உண்டு.

பூச்சி சாறு உறிஞ்சுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது கொண்டுவரும் பாக்டீரியாதான் பெரிய தொல்லை. அதனால் வருவது கிரீனிங் நோய். இலை திட்டுத் திட்டாக மஞ்சளாகும், பழம் கோணலாகி அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும், மரம் சில வருடங்களில் பட்டுப்போகும். நோய் வந்த மரத்தைக் குணப்படுத்த இன்றுவரை வழியில்லை.

அமெரிக்காவின் புளோரிடாவில் இந்தப் பூச்சியை 1998இல் கண்டார்கள், நோயை 2005இல் கண்டார்கள். 2003-04இல் அங்கே விளைந்த ஆரஞ்சு சுமார் 24 கோடி பெட்டி. 2022-23இல் 1 கோடி 60 லட்சம் பெட்டிகூட இல்லை. புயல்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனாலும் பெரிய அடி இந்த நோயால்தான்.

மருந்து அடித்து ஓயாத பூச்சியை உள்ளிருந்தே புரிந்துகொள்ளலாம் என்று விஞ்ஞானிகள் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தார்கள். அதில் சுமார் 48 கோடி எழுத்துகள். அத்தனையும் நான்கே எழுத்துகளின் வரிசை.

வரிசை கிடைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். பழைய ஓலைச்சுவடியை நினைத்துப் பாருங்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி இருக்காது, மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இருக்காது. "பலகையொலி" என்று இருந்தால் அது பலகை ஒலியா, பல கை ஒலியா? மரபணுவிலும் இதே சிக்கல். ஒரு மரபணு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நடுவில் எந்தத் துண்டு தேவையில்லாதது என்று குறித்தாக வேண்டும். முதலில் கம்ப்யூட்டர் குறித்துத் தரும். அது சில இடங்களில் இரண்டு மரபணுவை ஒன்றாக ஒட்டிவிடும், சில இடங்களில் ஒன்றையே இரண்டாக வெட்டிவிடும்.

அதைத் திருத்த மனிதக் கண் வேண்டும். பூச்சியின் உடலில் உண்மையில் உருவாகும் ஆர்.என்.ஏ. துண்டுகளைப் பக்கத்தில் வைத்து, வேறு பூச்சிகளின் அதே மரபணுவோடு ஒப்பிட்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். உ.வே.சா. பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடத்தைத் தேர்ந்தெடுத்தாரே, அதே மாதிரி வேலை.

இதைச் செய்தவர்களில் பலர் அமெரிக்கக் கல்லூரிகளின் இளநிலை மாணவர்கள். பெரிய ஆய்வுக்கூடம் இல்லாத கல்லூரிகளும் உண்டு. வெவ்வேறு ஊர்களில் இருந்தபடி, இணையத்தில் ஒரே திரையைப் பார்த்துத் திருத்தினார்கள். 2017இல் வெளியான அறிக்கையின்படி 530க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இப்படிச் சரிசெய்யப்பட்டன.

பலன் என்ன? பெரும்பாலான பூச்சிகளுக்கு ஒருவகைப் பாக்டீரியாவை எதிர்க்க "ஐ.எம்.டி." என்ற பாதுகாப்பு வரிசை உண்டு. சில்லாவில் அதன் முக்கியக் கண்ணிகள் பலவற்றைக் காணவில்லை. கிரீனிங் பாக்டீரியாவும் அதே வகையைச் சேர்ந்தது. தன் உடலுக்குள்ளேயே துணைப் பாக்டீரியாக்களை வைத்து வாழும் பூச்சி இது. அவற்றைக் காப்பாற்றக் கதவைத் திறந்து வைத்ததில் நோய்க்கிருமியும் நுழைந்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

இன்னொரு பலனும் உண்டு. தேனீயைத் தொடாமல் சில்லாவின் ஒரு மரபணுவை மட்டும் முடக்கும் வழிகளைத் தேடுகிறார்கள். அதற்கு அந்த மரபணுவின் எழுத்து வரிசை பிசகாமல் தெரிய வேண்டும். குறிப்பு தவறினால் மாதக்கணக்கான சோதனை வீண்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

கறிவேப்பிலையைப் பிடுங்க வேண்டாம். அந்தச் செடிக்கு இந்த நோய் வருவதில்லை, பூச்சிக்கு வீடாக மட்டுமே இருக்கிறது. பூச்சி உள்ள துளிரைக் கிள்ளி சோப்புத் தண்ணீரில் போடுங்கள். எலுமிச்சைத் தொட்டி பக்கத்தில் இருந்தால் இதை அடிக்கடி பாருங்கள். வெளியில் வாங்கும் ஒட்டுக்கன்றைத் துளிர் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. அமெரிக்காவில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் பெட்டியில் பச்சைக் கறிவேப்பிலை வைக்காதீர்கள். அங்கே அதற்குத் தடை இருப்பது இந்தப் பூச்சிக்குப் பயந்துதான். கலிபோர்னியாவில் 2012இல் முதன்முதலாக நோய் தென்பட்டது பெரிய தோட்டத்தில் அல்ல, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஒரு வீட்டு மரத்தில். நம்மைப் போன்ற வீடுகள்தான் இதில் முதல் காவல்.