கண்டதைப் பரப்பலாமா?

(ஜமாஅத் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

2019ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள், ஜும்ஆ வேளையில், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலும் நுழைந்த ஒருவனால் 51 பேர் ஷஹீதாக்கப்பட்டனர். கொன்றவன் அக்கொடுமையை 17 நிமிடங்கள் முகநூலில் நேரலையாகவும் காட்டினான். உலகம் பார்க்க வேண்டும் என்பதே அவனது நாட்டம்.

முகநூல் நிறுவனம் பின்னர் வெளியிட்ட கணக்கை நாம் கவனிக்க வேண்டும். நேரலையைக் கண்டோர் 200 பேருக்கும் குறைவு. அவர்களில் ஒருவரும் அந்நேரத்தில் புகார் செய்யவில்லை. ஆயினும் அடுத்த 24 மணி நேரத்தில் அந்நிறுவனம் தடுத்தும் நீக்கியும் ஒழித்த பிரதிகள் 15 இலட்சம்! இவையனைத்தையும் கொலைகாரனின் கூட்டத்தாரா பரப்பினர்? இல்லை. தொலைக்காட்சியில் கண்டதைக் கைப்பேசியில் படம் பிடித்து நண்பருக்கு அனுப்பியோரும் இருந்திருக்கலாம் என்று அந்நிறுவனமே கூறியது. இப்படி வெட்டியும் மாற்றியும் அனுப்பியதால் 800க்கும் மேற்பட்ட வடிவங்கள் உண்டாயின. கணினிகளால் அவற்றை அடையாளம் காண்பது கடினமாயிற்று.

‘இன்னாலில்லாஹி’ என்றெழுதி, கீழே அத்தகைய காட்சியை இணைத்து அனுப்புவோர் நம்மிலும் உள்ளனர். நோக்கம் துக்கமே, மறுக்கவில்லை. ஆனால் மய்யித்தைக் குளிப்பாட்டும்போது நாம் திரை கட்டுகிறோம். உள்ளே கண்ட குறையை வெளியே சொல்வதில்லை. தொழ வந்தவர் சுடப்பட்டு விழும் காட்சிக்கு மட்டும் திரை வேண்டாமா?

அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று இலங்கையின் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெடிக்கச் செய்தோர் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள். கிறைஸ்ட்சர்ச்சுக்கு அழுத நம்மவருள் சிலர் அன்று இரங்கலைவிட ‘சதி’ என்ற சொல்லையே அதிகம் எழுதினர். பின்னணியை விசாரணை கூறட்டும். முதல் நாளில் அண்டை வீட்டாருக்கு நாம் சொல்ல வேண்டியது இரங்கல் ஒன்றே. தாக்கியோரின் உடல்களை ஏற்க மாட்டோம் என அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்ததே, அது உலமாக்களுக்குரிய பேச்சு.

மறுமாதம் சிலாபத்தில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் எழுதிய ஒரே வரி, மிரட்டலாகப் பொருள் கொள்ளப்பட்டது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. மறுநாள் கலவரம் வேறு ஊர்களுக்கும் பரவிற்று.

அச்சந்தரும் செய்தி வந்தவுடன் அதைப் பரப்பிவிடுவதை அந்நிஸா அத்தியாயத்தின் 83ஆம் வசனம் கண்டிக்கிறது. பொறுப்புடையோரிடம் கொண்டு செல்லப் பணிக்கிறது. எனவே நம் மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் இத்தகைய காட்சி வந்தால், அனுப்பியவரைச் சபையில் கடியாமல் தனியே அழைத்துச் சொல்லி நீக்கச் செய்யுங்கள், நிர்வாகிக்கும் தெரிவியுங்கள். படங்கள் தாமாகவே இறங்கும் ஏற்பாட்டையும் நிறுத்தி வையுங்கள். பிள்ளைகள் விளையாடுவதும் அதே கைப்பேசியில்தான்.