முட்டும் மாடும் மோட்டார் சைக்கிளும்

(பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது ஆலயப் பொன்விழாவை முன்னிட்டு அன்பியந்தோறும் நடைபெறும் கூட்டங்களில் எதைப்பற்றிப் பேசலாம் என்று பங்குப் பேரவையினரைக் கேட்டோம். குடும்ப செபம் என்றார் ஒருவர். பிள்ளைகளின் படிப்பு என்றார் மற்றொருவர். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு தாய் மட்டும், "சாமி, இராத்திரி ஷிப்டுக்குப் போனவரு வர்ற வரைக்கும் எனக்குப் பயமில்ல. கல்யாண வீட்டுக்குப் போனவரு வர்ற வரைக்கும்தான் பயம்" என்றார். பேரவை சற்று நேரம் வாயடைத்து இருந்தது. அந்தத் தாய் சொன்னதையே இன்றைய பொருளாக எடுத்துக்கொண்டோம்.

நெய்வேலிவாசிகளாகிய நமக்கு ஆபத்தோடு வாழ்வது புதிதல்ல. 1957ஆம் ஆண்டில் பண்டித நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். அன்று முதல் நம் பாட்டன்மாரும் தகப்பன்மாரும் மண் சரிவுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில்தான் சோறு சம்பாதித்தார்கள். ஆனால் சுரங்கத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. தலைக்கவசம் இல்லாதவன் உள்ளே போக முடியாது. வாயில் வாடையோடு வந்தவனை டம்பர் மேல் ஏற விடமாட்டார்கள். அதிகாரி பார்க்கத் தவறினாலும் உடன் வேலை செய்பவர்கள் விடமாட்டார்கள். அவன் கை தவறினால் போவது தங்கள் உயிர் என்று அவர்களுக்குத் தெரியும். அதே மனிதர் ஷிப்டு முடிந்து வெளியே வருகிறார். தலைக்கவசத்தைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டுகிறார். நண்பர்களோடு மந்தாரக்குப்பம் பக்கம் போய், இருட்டிய பிறகு வண்டியை எடுக்கிறார். அப்போது அவரைத் தடுக்க ஒருவரும் இல்லை. டம்பர்மேல் ஏறக்கூடாதவர் மோட்டார் சைக்கிள்மேல் ஏறலாம் என்பது என்ன நியாயம்?

அவர் போகிற சாலை எத்தகையது? பண்ருட்டியிலிருந்து நெய்வேலி வழியாக வடலூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை. பலாப்பழ வண்டியும் முந்திரிக்கொட்டை மூட்டையும் கரும்பு லாரியும் போகிற சாலை. ஆகஸ்டுக் கடைசியில் நம் பிள்ளைகள் காவி உடுத்தி, செபமாலை சொல்லிக்கொண்டு, வேளாங்கண்ணிக்கு இராவெல்லாம் நடந்து போவதும் இப்படிப்பட்ட சாலைகளில்தான்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, நூறு மில்லிலிட்டர் இரத்தத்தில் முப்பது மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது பதினையாயிரம் அபராதம், அல்லது இரண்டும். ஏட்டில் இருக்கும் சட்டம் சோனியானது அல்ல.

பின் எங்கே நழுவுகிறது? அதே சட்டத்தின் 202ஆம் பிரிவை வாசித்துப் பார்த்தோம். இக்குற்றத்துக்காகக் கைது செய்யப்பட்டவனை இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும். தவறினால் விட்டுவிட வேண்டும். குடித்தவனும் மனிதன்தான், அவனை வீணாக அடைத்து வைக்கக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் என்ன நடக்கிறது? மாமன் வருகிறார். யூனியன்காரர் வருகிறார். வட்டச் செயலாளர் தொலைபேசியில் பேசுகிறார். இதற்கிடையே இரத்தத்தில் உள்ள மதுவும் மணிக்கு ஏறக்குறைய பதினைந்து மில்லிகிராம் வீதம் தானாகவே குறைந்துகொண்டு போகிறது. (காப்பி குடித்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அது வேகமாகக் குறையாது, அப்படி நம்புகிற பெரியவர்கள் நம் பங்கில் பலர்.) கடைசியில் பரிசோதனையும் இல்லை, வழக்கும் இல்லை.

அரசாங்கப் புள்ளிவிவரத்தையும் பாருங்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவ்வாண்டில் மற்றெந்த மாநிலத்தையும்விட அதிகமான விபத்துகள், அதாவது 64,105, நடந்தது நம் தமிழ்நாட்டில்தான். மாண்டவர்கள் 17,884 பேர். காரணம் என்ன என்று பார்த்தால், நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்ட மரணங்களுக்கு அதிவேகம் என்று எழுதியிருக்கிறார்கள். குடி என்று எழுதியது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஆலய முற்றத்தில் எத்தனையோ சவப்பெட்டிகளை மந்திரித்த நமக்கு இந்தக் கணக்கை நம்புவது கடினமாயிருக்கிறது. பரிசோதிக்காத இரத்தத்தை யார் கணக்கில் எழுதுவார்?

நீதிமன்றமும் தன்னால் ஆனதைச் செய்து பார்த்தது. தமிழ்நாட்டு வழக்கறிஞர் கே. பாலு தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. 2017 ஏப்ரலில் தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. நாமும் திருப்பலியில் நன்றி சொல்லி மன்றாடினோம். என்ன ஆயிற்று? கடைகள் ஊருக்குள் இடம் தேடின. பல ஊர்களில் பெண்கள் தெருவில் உட்கார்ந்து மறித்தார்கள். அந்த ஜூலையிலேயே, நகராட்சி எல்லைக்குள் அத்தடை பொருந்தாது என்று விளக்கமும் வந்துவிட்டது. கடை 500 மீட்டர் தள்ளிப் போனால், குடிக்கிறவன் 500 மீட்டர் கூடுதலாக வண்டி ஓட்டுகிறான். அவ்வளவுதான் வித்தியாசம்.

இனிச் சொல்லப்போவது நம்மைப் பற்றியது. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தோம்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் நாம் பணியாற்றிய காலம். ஊரையும் பேரையும் சொல்லமாட்டோம். ஒரு இரவு பத்து மணிக்குப் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினார்கள். பாடகர் குழுவில் பாடுகிற ஒரு பையன், நல்ல குரல். ஞானஸ்நான விருந்துக்குப் போய்க் குடித்துவிட்டு வரும்போது காவலர்கள் பிடித்திருக்கிறார்கள். "சாமி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க. வேலைக்கு எழுதிப் போட்டிருக்கான், கேஸ் ஆனா அவ்வளவுதான்" என்று தகப்பன் அழுதார். நாம் தொலைபேசியை எடுத்தோம். நிலையத்தில் இருந்தவர் நல்ல மனிதர், நம் அங்கிக்கு மரியாதை கொடுத்தார். "ஃபாதர் சொல்லும்போது நாங்க என்ன செய்யப்போறோம்" என்றார். பையன் அந்த இரவே, அந்த வண்டியிலேயே வீடு போய்ச் சேர்ந்தான். ஒரு குடும்பத்துக்கு உதவினோம் என்ற நிம்மதியோடு நாம் தூங்கினோம்.

நான்கு மாதம் கழித்து, அதே பையன், அதே வண்டி. இம்முறை எதிரில் காவலர் இல்லை. முந்திரித் தோப்பில் வேலை முடித்துச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு கூலித் தொழிலாளி இருந்தார். அங்கேயே உயிர் போயிற்று. பையனுக்குக் கால் முறிவு.

இறந்தவர் நம் மதத்தவர் அல்லர். ஆயினும் துக்கம் விசாரிக்கப் போனோம். ஓலை வீடு. இரண்டு பெண் பிள்ளைகள். அந்த அம்மாள் நம்மைக் கண்டதும் எழுந்து, சாமியார் நம் வீட்டுக்கு வந்திருக்கிறாரே என்று பக்கத்து வீட்டில் பால் வாங்கி வரச் சொல்லித் தேநீர் போட்டுக் கொடுத்தார். நாம் போன் செய்த விஷயம் அவருக்குத் தெரியாது. நாமும் சொல்லவில்லை. அந்தத் தேநீரை முழுவதும் குடித்தோம்.

அடுத்த வாரமே பாவசங்கீர்த்தனம் செய்தோம். முதிய குரு ஒருவர் கேட்டார். பாவப் பொறுத்தல் கொடுத்துவிட்டு, "அந்த வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லும்" என்றார். போய்ச் சொன்னோம். அந்த அம்மாள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்குப் பிடிச்சு வெச்சிருந்தா அந்தப் பையனுக்கும் கால் போயிருக்காதே சாமி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்போம்.

குருமடத்தில் ஒழுக்கவியல் பாடத்தில், பிறருடைய பாவத்தில் ஒருவன் பங்காளியாகும் வழிகள் ஒன்பது என்று மனப்பாடம் செய்தோம். ஏவுவது, சம்மதிப்பது, மௌனமாயிருப்பது, தண்டனை வராமல் காப்பது என்று வரிசையாக ஒப்புவிப்போம், மதிப்பெண்ணும் வாங்கினோம். தண்டனை வராமல் காப்பது என்பது இரவு பத்து மணித் தொலைபேசி உருவத்தில் வரும் என்று அப்போது தெரியவில்லை.

விடுதலைப் பயண நூலின் 21ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. மாடு ஒருவனை முட்டிக் கொன்றால் மாட்டைக் கொல்ல வேண்டும், சொந்தக்காரன்மேல் குற்றமில்லை. ஆனால் அது முன்னமே முட்டுகிற மாடு என்று அவனிடம் சொல்லியும் அவன் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், அவனும் குற்றவாளி. மாடு வளர்க்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பையனை நான்கு மாதத்துக்கு முன்பே நாம் அறிந்திருந்தோம். கயிற்றை அவிழ்த்துவிட்ட கை நம் கை.

ஜப்பானில் இதைச் சட்டமாகவே செய்துவிட்டார்கள். 2006 ஆகஸ்டில் ஃபுகுவோகா நகரில் குடித்தவன் ஓட்டிய கார் ஒரு குடும்பத்தின் வண்டியைப் பாலத்திலிருந்து கடலில் தள்ளியது. மூன்று குழந்தைகள் மாண்டன. ஓட்டியவன் ஓடிப்போய், நண்பனைக் கூப்பிட்டுத் தண்ணீர் வரவழைத்துக் குடித்தான், போதையை மறைப்பதற்காக. ஊரே கொதித்தது. மறு ஆண்டில் வந்த சட்டம், ஓட்டப்போகிறவன் என்று தெரிந்தும் மது ஊற்றிக் கொடுத்தவன், வண்டி கொடுத்தவன், தெரிந்தே கூட ஏறிச் சென்றவன் ஆகியோரையும் தண்டித்தது. நம் பக்கத்திலும் 2022 அக்டோபரில் சென்னைப் போக்குவரத்துக் காவலர்கள், குடித்தவனோடு பின்னால் அமர்ந்து வருகிறவருக்கும் அபராதம் என்று அறிவித்தார்கள். கணவர் தள்ளாடுவதைப் பார்த்துக்கொண்டே பிள்ளையை இடுப்பில் வைத்துப் பின்னால் ஏறி அமருகிற தாய்மாரே, இது உங்களை மிரட்டுவதற்காகச் சொல்வதல்ல. ஏறமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு ஒரு சாக்கு கிடைத்திருக்கிறது.

"கானாவூர்க் கல்யாணத்தில் ஆண்டவரே இரசம் கொடுத்தாரே" என்று ஒவ்வொரு முறையும் ஒருவர் எழுந்து கேட்பார். இன்றும் அவர் வந்திருப்பது தெரிகிறது. கானாவூருக்கு அவர்கள் நடந்துதான் போனார்கள் என்பதே நம் பதில். குடிப்பது பாவமா என்ற விவாதத்துக்கு இன்று நாம் வரவில்லை. 1992ல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2290ஆம் எண்ணில், குடிவெறியாலோ வேக மோகத்தாலோ சாலையில் பிறர் உயிரையும் தன் உயிரையும் ஆபத்துக்கு உட்படுத்துகிறவன் கனமான குற்றத்துக்கு ஆளாகிறான் என்று, கொலை செய்யாதே என்னும் கட்டளையின் கீழ் கற்பிக்கிறது. கவனியுங்கள், ஆபத்துக்கு உட்படுத்துவதே போதும். ஒன்றும் ஆகாமல் வீடு வந்து சேர்ந்தவரும் அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டும். இத்தனை ஆண்டுகளில் அதைச் சொன்னவர்கள் வெகு சொற்பம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

ஆகையால் பேரவையோடு கலந்து சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். குடித்து வண்டி ஓட்டிப் பிடிபட்டவருக்காகப் பங்கு இல்லத்திலிருந்து இனி எந்தத் தொலைபேசியும் போகாது. தகப்பன் வந்து அழுதால் நாமும் கூட நிலையத்துக்கு வருவோம். பையனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுப்போம், வழக்கறிஞருக்குச் சொல்வோம், நீதிமன்றத்தில் அவனருகில் நிற்போம். விட்டுவிடுங்கள் என்று கேட்கமாட்டோம். பேரவை உறுப்பினர்களும் அவ்வாறே இருக்க ஒப்புக்கொண்டார்கள். இருவர் தயங்கினார்கள், பிறகு சம்மதித்தார்கள்.

பொன்விழா நாளன்று தேர்பவனிக்குப் பின் நடக்கும் விருந்தில் மது கிடையாது. ஆனால் வெளியே போய்விட்டு வருகிறவர்கள் இருப்பார்கள், நமக்குத் தெரியும். மண்டப வாசலில் ஒரு பலகையில் ஆணி அடித்து வண்டிச் சாவிகளை வாங்கி மாட்டப்போகிறோம். முதல் ஆணியில் பங்கு இல்லத்து வண்டிச் சாவி தொங்கும். திரும்பக் கேட்கும்போது நிதானத்தில் இல்லாதவருக்குச் சாவி மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பிறகுதான். அவரை வீடு சேர்க்க வேன் உண்டு: இரவு ஒன்பது மணிக்கு மந்தாரக்குப்பத்துக்கு ஒரு நடை, பத்து மணிக்கு வடலூருக்கு ஒரு நடை, அதன்பின் டவுன்ஷிப் பிளாக்குகளைச் சுற்றி ஒரு நடை. கட்டணம் இல்லை. சாவிப் பலகையின் பொறுப்பை மரியாயின் சேனைத் தாய்மார்கள் ஏற்றிருக்கிறார்கள். கெஞ்சினாலும் கொடுக்கமாட்டார்கள். நம்மிடம் சிபாரிசுக்கு வர வேண்டாம்.