ஊர்ச் சுகாதாரமும் சபைக் கட்டணமும்

வவுனியாவிலிருந்து மன்னாரை நோக்கிச் செல்லும் நெடுவீதியில் பூவரசங்குளம் என்னும் ஊர் உள்ளது. பூவரசும் குளமும் சேர்ந்து பெயராகிய ஊர் அது. வன்னி நிலத்தில் ஊர்ப்பெயரிலே குளம் அமைந்திருத்தல் புதுமையன்று. குளம் இன்றேல் வயல் இல்லை. வயல் இன்றேல் ஊர் இல்லை. குளக்கட்டு நிலைத்து நிற்க வேண்டுமாயின் காலந்தோறும் அதற்கு மண் இட்டுப் பேண வேண்டும் என்பதை அங்குள்ள சிறுபிள்ளையும் அறியும். மண் இடாத ஆண்டில் எவருக்கும் உடனே தீங்கு தோன்றுவதில்லை. பெருமழை பொழியும் நாளிலேதான் அந்த அசட்டையின் விலை தெரியவரும்.

ஊர்ச் சுகாதாரமும் அத்தகையதொரு கட்டே. உணவுக்கடைகளைப் பரிசோதித்தல், குப்பையை அகற்றுதல், மலசலகூடக் குழிகளை வெறுமையாக்குதல், சந்தையையும் இறைச்சிக்கடையையும் தூய்மையாக வைத்தல், நுளம்பு பெருகும் இடங்களை ஒழித்தல் என்பனவெல்லாம் அதற்கு இடும் மண். நகர எல்லைக்கு வெளியேயுள்ள கிராமங்களில் இவற்றுட் பெரும்பகுதி பிரதேச சபையின் பொறுப்பாகும். இப்பணிகளுக்காகச் சபை அறவிடும் கட்டணங்களைக் காலத்துக்கேற்பத் திருத்துதல் வேண்டுமா? திருத்தினால் வறியவர் நிலை யாது? இவ்விரு வினாக்களும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிக்க இயலாதவை.

இலங்கையில் இத்தகைய பொறுப்புகள் ஒரே நாளில் தோன்றியவையல்ல. 1892 ஆம் ஆண்டிலே சிறு பட்டினங்களின் சுகாதாரத்துக்கெனத் தனிக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அடுத்த ஆண்டில் இறைச்சிக்கடைக்காரர் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. நோய் வந்தபின் மருந்து கொடுப்பதிலும் வருமுன் காப்பதே மேல் என்னும் கொள்கை அதனால் நாடெங்கும் பரவியது. கிராம சபைகளும் பட்டின சபைகளும் மறைந்தபின், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் இக்கடமைகளைப் புதிய சபைகளிடம் ஒப்படைத்தது.

அச்சட்டம் கடமையைக் கொடுத்ததோடு கட்டணத்துக்கு ஓர் உச்சவரம்பையும் விதித்தது. உணவுக்கடை, வெதுப்பகம், சிகை அலங்கார நிலையம் போன்ற, உரிமம் பெற்றே நடத்தவேண்டிய தொழில்களை எடுத்துக்கொள்ளலாம். தொழில் நடைபெறும் இடத்தின் ஆண்டுப் பெறுமதி 750 ரூபாவுக்கு மேற்படாவிடின் உரிமக் கட்டணம் 500 ரூபாவுக்கு மேற்படலாகாது. பெறுமதி 750 முதல் 1500 ரூபா வரையாயின் 750 ரூபா. அதற்கும் மேலாயின் 1000 ரூபா. வேறு சில தொழில்களுக்குரிய வரி ஆண்டு வரவைக் கொண்டு கணிக்கப்பட்டது. ஆண்டு வரவு 150,000 ரூபாவைக் கடந்தவர் எத்துணைப் பெரிய வணிகராயினும் 3000 ரூபாவே செலுத்துவார். 2010 களிலும் பிரதேச சபைகள் வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தல்களில் இவ்வெண்களே ஆண்டுதோறும் அச்சாகி வந்தன.

எண் மாறவில்லை, ஆனால் ரூபா மாறிவிட்டது. 1987 இல் அமெரிக்க டொலர் ஒன்றின் விலை ஏறத்தாழ 29 ரூபா. 2022 இல் அது 350 ரூபாவையும் கடந்தது. முன்னர் முப்பத்துநான்கு டொலருக்கு நிகராயிருந்த ஆயிரம் ரூபா மூன்று டொலருக்கும் குறைந்ததாயிற்று. 150,000 ரூபா என்பது நாளொன்றுக்கு 411 ரூபா வரவேயாகும். 1987 இல் அது பெருவணிகரின் அடையாளம். இக்காலத்தில் வீதியோரத் தேநீர்க்கடை காலைப்பொழுதிலேயே அத்தொகையைக் கண்டுவிடும். ஆகவே பெருவணிகருக்கும் சிறுகடைக்காரருக்கும் இடையே சட்டம் வகுத்த படிகள் யாவும் ஒரே படியாகச் சரிந்துவிட்டன. ஏழையைக் காக்கும் பொருட்டு விதித்த வரம்பு, காலப்போக்கில் செல்வரையே கூடுதலாகக் காக்கும் வரம்பாக மாறியது.

சபையின் செலவுக்கோ வரம்பு இல்லை. 2021 டிசம்பரில் ஒரு லீற்றர் டீசல் 121 ரூபா. 2022 ஜூன் முடிவில் அது 460 ரூபா. குப்பை ஏற்றும் உழவு இயந்திரமும் கழிவகற்றும் பவுசரும் பழைய கட்டணத்தைப் பார்த்து ஓடுவதில்லை. ஆதனவரியோ, அபிவிருத்தியடைந்த பகுதியென அறிவிக்கப்பட்ட இடங்களுக்கே உரியது; பரந்த வயலும் காடும் சூழ்ந்த வன்னிச் சபைகளுக்கு அவ்வருவாயும் சிறிதே. கட்டணம் போதாதபோது சபைக்கு மூன்று வழிகளே உண்டு: வேறு பணிக்குரிய பணத்தை எடுத்தல், அரசின் மானியத்தை எதிர்பார்த்திருத்தல், வேலையைக் குறைத்தல். மூன்றாவது வழியே பெரும்பாலும் சத்தமின்றி நடைபெறும். வாரம் இருமுறை வந்த வண்டி ஒருமுறை வரும், பின்னர் வாராது.

சுகாதாரப் பணிக்கு ஒரு விசித்திரமான கதியுண்டு. அது வெற்றி பெறும்போது தேவையற்றது போலத் தோன்றும். இலங்கையின் மலேரியா வரலாறே இதற்குச் சான்று. 1934-35 இல் அக்காய்ச்சல் பல்லாயிரக்கணக்கானோரை மாய்த்தது. இடைவிடா முயற்சியின் பயனாக 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே நோய் கண்டது. இனி அச்சமில்லை என்றெண்ணிக் காவல் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தையும் கடந்தது. மீண்டும் பல்லாண்டு உழைத்த பின்னரே, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. காவலைத் தளர்த்தி மிச்சம் பிடித்த பணம் எத்தனை மடங்காகத் திரும்பிக் கொடுக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

வன்னி மக்களுக்கு இப்பாடத்தைப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட நூல், காய்ச்சலும் பறங்கிப்புண்ணும் அலைக்கழித்த ஒரு நாட்டின் நூலாகும். குளம் தூர்ந்தது, நோய் பரந்தது, ஊர் அழிந்தது என்பதே அக்காலத்துப் பல கிராமங்களின் கதை. இக்காலத்தில் வவுனியா மாவட்டமும் சிறுநீரக நோயால் வருந்தும் மாவட்டங்களுள் ஒன்று. குடிநீரின் தூய்மை அங்கு உயிர்ப் பிரச்சினையாகும்.

இனி மற்றைப் பக்கத்தையும் நோக்குதல் வேண்டும். 1848 இல் ஆளுநர் டொரிங்டன் துவக்கு, நாய், கடை, வண்டி முதலியவற்றின்மீது வரிகளை விதித்தார். வீதி வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைப்பும் கேட்டார். மக்களைக் கலந்தாராயாது சுமத்திய அச்சுமை மாத்தளைக் கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று. 1850 இல் ஆளுநரும் பதவியிழந்து திரும்ப நேர்ந்தது. தொகை மட்டுமன்று, இசைவின்மையே மக்களைக் கொதிப்பித்தது. அண்மைக் காலத்திலும் இவ்வினா எழுந்ததுண்டு. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6 ஆம் நாளிலேயே நடைபெற்றது. இடைப்பட்ட ஈராண்டுகளுக்கு மேலாக, ஊர்க் கட்டணத்தைப் பற்றிக் கேள்வி கேட்க ஊரார் தேர்ந்த உறுப்பினர் எவரும் சபையில் இருக்கவில்லை.

ஆதலின் கட்டணத் திருத்தம் நீதியாக அமைய, கட்டணங்களை வகைபிரித்து நோக்குதல் வேண்டும். வணிகர் பெறும் உரிமம் ஒரு வகை. உணவு விற்றுப் பொருளீட்டுபவர், அவ்வுணவைப் பரிசோதிக்கும் செலவின் நியாயமான பங்கை ஏற்றல் முறையே. பெரிய கடை கூடுதலாகவும் சிறிய கடை குறைவாகவும் செலுத்துமாறு படிகளைப் புதுக்க வேண்டும். சட்டத்தில் எழுதிய வரம்பைச் சபை தானே மாற்ற இயலாது. அது சட்டமியற்றுவோர் கடமை.

மலசலகூடக் குழியை வெறுமையாக்கும் சேவை மற்றொரு வகை. அது தனிவீட்டுக்குச் செய்யும் பணி போலத் தோன்றினும் உண்மையில் அயலாருக்கும் செய்யும் பணியாகும். கட்டணத்தைச் செலுத்த மாட்டாத குடும்பம் குழி நிரம்பினும் பவுசரை அழையாது. மாரிமழையில் அதன் கழிவு அடுத்த வளவுக் கிணற்றை அடையும். விடுதிகளிடமும் பெருநிறுவனங்களிடமும் முழுச் செலவையும் பெற்று, வறிய வீட்டுக்குச் சலுகை அளித்தல் தருமம் மட்டுமன்று, தற்காப்புமாகும். வீதிக் குப்பையும் நுளம்பு ஒழிப்பும் மூன்றாம் வகை. இவற்றை வாசல்தோறும் விலைபேசி விற்கலாகாது. பொது வருவாயிலிருந்தே செய்தல் வேண்டும். 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். யாருடைய குப்பை யாரை மூடியது என்று எவரால் பிரித்துக் கூற இயலும்?

பிசிராந்தையார் என்னும் புலவர் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரி கொள்ளும் நெறியை உணர்த்தியதைப் புறநானூறு கூறும். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே புகுந்தால் பெருவயலும் அதன் காலடியில் அழியும் என்பது அவர் கருத்து. மிகுதியாகக் கொள்ளாதே என்பது அதிலுள்ள எச்சரிக்கை. அதே உவமையில் மற்றொன்றும் அடங்கியுள்ளது: கவளமே பெறாத யானை பாரம் இழுக்காது. முப்பது ஆண்டு வாளாவிருந்து ஒரே நாளில் பன்மடங்கு உயர்த்துதல் யானையை வயலில் விடுவதற்கு ஒப்பாகும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, முன்னறிவித்து, வரவு செலவுக் கணக்கை ஊரார் காணும்படி எழுதி ஒட்டி, சிறிது சிறிதாகத் திருத்துதலே கவளம் ஊட்டும் முறை.

பணம் எங்கே சென்றதென்று கண்டவர் அடுத்த முறை கொடுக்கத் தயங்கார். குளக்கட்டில் தான் இட்ட மண் எவ்விடத்தில் நிற்கின்றது என்று காட்டக்கூடிய உழவர், மழைக்காலத்தில் அச்சமின்றி உறங்குவார். ஊரின் நலத்துக்குக் கொடுக்கும் பணமும் அவ்வாறு கண்ணுக்குத் தெரியும் மண்ணாக வேண்டும்.