குளிக்கத் தடையா, குளிக்கலாமா?

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போன சீசனில் ஒரே நிமிடத்தில் என்னிடமிருந்து உங்களுக்கு இரண்டு செய்திகள் வந்தன. முதலில் 'பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை'. அடுத்து 'குளிக்கலாம்'. கடைசியாக வந்ததை நம்பி, எதிர்வீட்டுத் தம்பி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நல்லவேளை, அருவிக்கரையில் போலீஸார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தப்பு என்னுடையதுதான். எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அந்தச் செய்திகளை அனுப்புவது நான் லிஸ்ப் மொழியில் எழுதிய சின்ன புரோகிராம். லிஸ்ப், ஜான் மெக்கார்த்தி 1958இல் தொடங்கிய மொழி. வீட்டு பிளான் போடும் ஆட்டோகேடுக்குள்கூட அதன் ஒரு வகை இருக்கிறது. அதில் 'வெள்ளம்பார்' என்று ஒரு பங்ஷன் எழுதினேன். அதற்கு மூன்று ஆர்குமென்ட்: வெள்ளம் உண்டா, உண்டென்றால் தடைச் செய்தி அனுப்பு, இல்லையென்றால் மற்றதை அனுப்பு.

பங்ஷனைக் கூப்பிட்டால், கொடுத்த ஆர்குமென்ட் எல்லாவற்றையும் லிஸ்ப் வரிசையாகச் செய்து முடித்துவிடும். அப்புறம்தான் பங்ஷனுக்குள்ளேயே போகும். பார்டர் கடையில், "நாட்டுக்கோழி இருந்தா அது, இல்லேன்னா காடை" என்று சொன்னால், இரண்டையும் வறுத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு யோசிப்பது மாதிரி. தடையா இல்லையா என்று பங்ஷன் பார்ப்பதற்குள் இரண்டு செய்தியும் போய்விட்டன!

இதற்கு வழி மேக்ரோ. 1963இல் டிமோதி ஹார்ட் லிஸ்புக்கு முன்மொழிந்தது. மேக்ரோவின் கைக்கு வறுத்த கோழி வராது, ஆர்டர் எழுதிய சீட்டுதான் வரும். அதை அது 'இஃப்' வாக்கியமாக மாற்றி எழுதிக் கொடுக்கும். 'இஃப்' ஒரு பக்கத்தை மட்டுமே செய்யும்.

"நேரே இஃப் எழுதியிருக்கலாமே" என்று செயலாளர் கேட்டார். எழுதலாம். ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று ஒவ்வொன்றுக்கும் அனுப்புவதும் பதிவதுமாக அதே வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதச் சோம்பல்.

மேக்ரோவிலும் ஒருமுறை சறுக்கினேன். அனுப்பும் கட்டளையை, போனதா என்று பார்க்க ஓரிடத்திலும், பதிவேட்டில் எழுத இன்னோரிடத்திலும் போட்டிருந்தேன். சீட்டை இரண்டு இடத்தில் ஒட்டினால் சமையல் இரண்டு தடவை நடக்கும். ஒரே செய்தி இருமுறை வந்தது. இப்போது ஒரே தடவை அனுப்பி, கிடைத்த விடையை 'லெட்' போட்டு ஒரு பெயரில் வைத்துக்கொள்கிறேன்.

ஜூனில் சீசன் தொடங்குமுன் என் போனுக்கும் செயலாளர் போனுக்கும் மட்டும் அனுப்பிப் பார்க்கிறோம். அதுவரை அருவிக்கரையில் போலீஸார் சொல்வதையே கேளுங்கள்.