எடை குறைந்தது, கனம் கூடியது

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஏதாவது ஒரு தொழில்நுட்பத் தலைப்பில் கொஞ்ச நேரம் பேசுங்க" என்றார். "வேட்டைத் துப்பாக்கியைப் பற்றிப் பேசட்டுமா?" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டைப் பற்றிப் பேசலாம், கோபுரத்தைப் பற்றிப் பேசலாம், துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

சம்பந்தம் பழையதுதான். வேடந்தாங்கல் ஏரிக்கு வரும் பறவைகளை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கே தந்து கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் கவுல் எழுதிக் கொடுத்தார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆகவே இங்கே யாரும் வேட்டைக்குப் போகச் சொல்லி நான் பேச வரவில்லை. ஆனால் வேட்டைக்கென்று வடிவமைத்த அதே இரட்டைக்குழல் துப்பாக்கியை, பயிர்க் காவலுக்கு உரிமம் வாங்கி வைத்திருந்தவர்கள் நம் பக்கத்தில் உண்டு. அம்மாவைப் பெற்ற தாத்தா அதில் ஒருவர். உத்திரமேரூர்ப் பக்கம் அவருக்கு வேர்க்கடலைக் கொல்லை. ராத்திரியில் பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான் அந்தத் துப்பாக்கியின் வேலை.

அது 12 போர். இந்தப் 'போர்' சண்டை அல்ல. குழலின் உள்வாய் அளவு. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை என்ன பருமனோ அதுவே அந்தக் குழலின் வாய், சுமார் 18.5 மில்லிமீட்டர். 20 போர் என்றால் 20 உருண்டை. அதனால்தான் எண் கூடக் கூட வாய் சிறுத்துக்கொண்டே போகிறது. தாத்தாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. "தோள் வலிக்குதுடா, இது ரொம்பக் கனம்" என்றார். நான் அப்போது, 2010இல், இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு. மூன்றாம் ஆண்டு மாணவனுக்குத் தெரியாதது ஏதாவது உண்டா?

துப்பாக்கியை வில் தராசில் தொங்கவிட்டேன். 3.2 கிலோ. தோளில் பதியும் அடிக்கட்டையைக் கழற்றாமல், அதன் பின்முகத் தகட்டை மட்டும் எடுத்துவிட்டு, உள்ளே மரத்தில் இரண்டு ஆழமான துளை போட்டேன். துப்பாக்கியில் கை வைக்க உரிமம் பெற்ற பழுதுக்காரர் வேண்டும் என்பது அப்போது என் மூளையில் ஏறவில்லை. ஒரு 100 கிராம் போயிற்று. தகட்டை மறுபடி பூட்டி, "தாத்தா, இப்போ தூக்கிப் பாருங்க" என்று நீட்டினேன்.

அவர் தூக்கினார். தோளில் வைத்தார். இறக்கினார். "இளைச்சுப் போச்சு. ஆனா மூக்கு தொங்குதுடா" என்றார். பிறகு தானாகவே, "எனக்குத்தான் கை போயிடுச்சு போல" என்றார்.

அடுத்த மாதம் அம்மா சொன்னாள்: "தாத்தா காவலுக்குப் போறதையே நிறுத்திட்டாரு."

இங்கேதான் விஷயம். துப்பாக்கியை நாம் கையால் எடை போடுவதில்லை. இரண்டு கையால் எடை போடுகிறோம். வலது கை விசைக்குப் பின்னால் பிடியில், இடது கை அதற்கு 40 செ.மீ. முன்னால் குழலுக்குக் கீழே. தாத்தாவின் துப்பாக்கியில் ஈர்ப்பு மையம் வலது கைக்கு 16 செ.மீ. முன்னால், குழல் மடங்கும் கீல் அருகே இருந்தது. நல்ல இரட்டைக்குழல் பெரும்பாலும் அங்கேதான் சமன் நிற்கும். கணக்குப் போட்டால் இடது கைக்கு 1.28 கிலோ, வலது கைக்கு 1.92 கிலோ. நான் எடுத்த 100 கிராமோ வலது கைக்கும் பின்னால், 24 செ.மீ. தள்ளி இருந்தது. வெள்ளிக்கோலில் குண்டை எடுத்தது போலத்தான். வலது கைச்சுமை 1.76 ஆகக் குறைந்தது. இடது கைச்சுமை 1.34 ஆகக் கூடியது! மொத்தத்தில் லேசான துப்பாக்கி, தூக்கி நீட்டுகிற கைக்கு மட்டும் 60 கிராம் கனமாகிவிட்டது. பொங்கல் லீவில் போய், இடது கை பிடிக்கும் இடத்தில் வில் தராசின் கொக்கியை மாட்டிப் பார்த்தபோது முள் கணக்கு சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. வயிற்றைக் கலக்கியது.

சரி, எடையும் சமநிலையும் ஒன்றாக இருந்தால் இரண்டு துப்பாக்கி ஒன்றுதானா? அதுவும் இல்லை. பங்குனி உத்திரத்தில் ஏகாம்பரநாதர் வாகனம் ராஜவீதி மூலையில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். நேரே போகும்போது தோள் கொடுப்பவர்கள் சிரமப்படுவதில்லை. திரும்பும்போதுதான் சத்தம், ஓட்டம், வியர்வை. தண்டு நீளமாக நீளமாகத் திருப்புவது கஷ்டம். வகுப்பில் நிலைமத் திருப்புத்திறன் என்று எழுதி மதிப்பெண் வாங்கினோமே, அதுதான் அந்த மூலையில் நடக்கிறது. பறக்கும் பறவைக்கென்று செய்த துப்பாக்கி திரும்பியாக வேண்டும். அதனால் எடை முனைகளில் இருக்கிறதா, இரண்டு கைக்கும் நடுவில் இருக்கிறதா என்பது பெரிய கேள்வி.

அதே 100 கிராமை வேறு இடத்தில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கீல் அருகே, நடுவில் எடுத்தால் திரும்பும் தன்மை ஏறக்குறைய மாறாது. அடிக்கட்டையில் எடுத்தால் திருப்பும் தடை நூற்றுக்கு ஏழு குறையும், மூக்கு தொங்கும். குழல் வாயில் எடுத்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறையும். லண்டனில் ராபர்ட் சர்ச்சில் 1920களில் 28 அங்குலக் குழலுக்குப் பதிலாக 25 அங்குலக் குழல் வைத்துப் பேர் வாங்கியது இதனால்தான். சட்டென்று திரும்பும். ஆனால் சட்டென்று நின்றும் போகும், ஓட்டமாக வீசிச் சுடுகிறவனுக்கு அது சரிப்படாது என்று அப்போதே சண்டை. என் கட்சி நீளக் குழல். (இங்கே யாரும் குழலை அறுத்துப் பார்க்க வேண்டாம். ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 6 அதற்குத் தனி உரிமம் கேட்கிறது.) இத்தாலியின் பெரெட்டா தன் 'அல்ட்ராலைட்' மாடலில் நடு உடலை அலுமினியக் கலவையில் செய்து, வெடியின் அழுத்தம் விழும் இடத்தில் டைட்டேனியம் வைத்தது. நாள் முழுக்கத் தோளில் சுமந்து மலை ஏறுகிறவனுக்கு அது வரம். ஆனால் நடுவில் லேசாகி, முனைகள் அப்படியே இருக்கிற துப்பாக்கி.

உதை வேறு கணக்கு. அதற்கு இடம் முக்கியமில்லை, மொத்த எடைதான். 32 கிராம் ஈய ரவை உள்ள தோட்டா 3.2 கிலோ துப்பாக்கியைச் சுமார் 40 ஜூல் ஆற்றலோடு பின்னால் தள்ளும். 2.5 கிலோ துப்பாக்கியில் அதே தோட்டா 50 ஜூலைத் தாண்டும். கிரீனர் என்ற ஆங்கிலேயத் துப்பாக்கிக்காரர் பெயரில் ஒரு பழைய விதி உண்டு: துப்பாக்கி, ரவையைப் போல 96 மடங்கு எடை இருக்க வேண்டும். 32 கிராமுக்கு 3.07 கிலோ வருகிறது. தாத்தாவின் துப்பாக்கி விதிக்கு உட்பட்டுத்தான் இருந்தது. நான்தான் அவருக்கு உதையையும் நூற்றுக்கு மூன்று கூட்டிக் கொடுத்தேன். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் டிராப் போட்டியில் சுட்ட நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் போன்றவர்கள் 24 கிராம் ரவைக்கே மூன்றரை கிலோவுக்கு மேற்பட்ட துப்பாக்கியைப் பிடிக்கிறார்கள் என்றால் காரணம் புரிகிறதல்லவா? நாளெல்லாம் சுட வேண்டும், வீச்சு நடுங்கக் கூடாது. அங்கே கனம்தான் சுகம்.

நான்தான் கெடுத்தேன் என்று தாத்தாவிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. அவர் கோபப்படவில்லை. "அப்போ என் கை நல்லாத்தான் இருக்குதா?" என்று கேட்டார். இரண்டு தடவை கேட்டார்.

இந்தத் தடவை நான் கை வைக்கவில்லை. சென்னையில் உரிமம் பெற்ற கடைக்குத் தாத்தாவோடு போனேன். அங்கே இருந்த வயதான மிஸ்திரி தகட்டைக் கழற்றி என் துளைகளைப் பார்த்துச் சிரித்தார். "தம்பி, இந்த ஓட்டையை நாங்களும் போடுவோம். குழல் லேசா இருந்தா போடுவோம். இந்தக் குழலுக்கு எதுக்குப் போட்டீங்க?" துளைகளில் ஈயத்தை ஆடாமல் அடைத்துக் கொடுத்தார். தாத்தாவிடம், "பெரியவரே, வானத்தைப் பார்த்து சுடுறதுக்கு 32 கிராம் எதுக்கு? 28 போதுமே" என்றார். அதே வேகத்தில் போனால் உதை ஐந்தில் ஒரு பங்கு குறையும். தோள்வலிக்கு மருந்து தோட்டாவில் இருந்தது. நான் மரத்தைக் குடைந்து கொண்டிருந்தேன்.

தாத்தா மறுபடி காவலுக்குப் போனார். 2017இல் காலமானார். வீட்டில் யாருக்கும் உரிமம் வேண்டாம் என்று முடிவு செய்து துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டோம்.

நம் ஆய்வகத்தில் இருநூல் ஊசல் சோதனைக்கு இன்னும் அதே இரும்புப் பட்டைதான் தொங்குகிறது என்று பேராசிரியர் சொன்னார். தம்பிகளே, அதை இறக்கிவிட்டு இரண்டு கிரிக்கெட் மட்டையைத் தொங்கவிடுங்கள். தராசில் ஒரே எடை, கையில் வேறு எடை என்று நீங்களே சொல்லும் மட்டைகள். அலைவு நேரம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மட்டை வாங்கும் செலவு என்னுடையது.