ஒரு கவுண்டி, ரெண்டு கோர்ட்

அமெரிக்காவுல கவுண்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி, ஆனா சின்னது. பொதுவா ஒரு கவுண்டிக்குத் தலைநகர் ஒண்ணு, கோர்ட்டும் ஒண்ணு. மிசிசிப்பி மாநிலத்தோட டாலஹாச்சி கவுண்டிக்கு ரெண்டு: கிழக்கே மேட்டுப்பக்கம் சார்ல்ஸ்டன், ஆத்துக்கு மேற்கே பருத்திக் காட்டுல சம்னர்.

1955 ஆகஸ்ட். சிகாகோவுல இருந்து உறவுக்காரங்க வீட்டுக்கு வந்த 14 வயசு கறுப்பினப் பையன் எம்மெட் டில்லைக் கடத்திக் கொன்னாங்க. கடத்தினது பக்கத்து கவுண்டியில. உடல் கிடைச்சது டாலஹாச்சி எல்லைக்குள்ள, ஆத்துல. அதனால கேஸ் சம்னர் கோர்ட்டுக்கு வந்துச்சு.

இந்தக் கவுண்டியில பாதிக்கு மேல கறுப்பின மக்கள். ஆனா ஜூரியில 12 பேரும் வெள்ளைக்கார ஆண்கள். எப்படி? ஜூரிக்கு ஆள் எடுக்கிறது வாக்காளர் பட்டியல்ல இருந்து. அதுல ஒரு கறுப்பினப் பேர்கூட இல்ல. பெண்களுக்கு அங்க ஜூரியில இடமே கிடையாது. தீர்ப்பு அந்தப் பட்டியல்லயே எழுதியாச்சுன்னுதான் நான் சொல்வேன்.

அப்படிப்பட்ட கோர்ட்ல பையனோட தாத்தா முறை மோஸ் ரைட் எழுந்து நின்னு, கடத்தினவங்களைக் கை நீட்டிக் காட்டினார். அன்னைக்கு மிசிசிப்பியில அது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. ஜூரிக்கு 67 நிமிஷம் போதுமா இருந்துச்சு: ரெண்டு பேரும் விடுதலை. அடுத்த ஜனவரியிலயே, காசு வாங்கிக்கிட்டு, 'நாங்கதான் கொன்னோம்'னு லுக் பத்திரிகைக்குச் சொன்னாங்க.

2007-ல அதே கோர்ட் வாசல்ல ஊர்க்காரங்க கூடி, டில் குடும்பத்துக்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. 2023-ல அது தேசிய நினைவுச்சின்னத்தோட பகுதியாச்சு. அந்த அறையை 1955-ல இருந்த மாதிரியே புதுப்பிச்சு வச்சிருக்காங்க.